வீட்டு வைஃபையின் சாவி நம் கையில் இருக்கட்டும்

(சிங்கப்பெருமாள் கோயிலில் நடந்த நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. வர முடியாத உறுப்பினர்களும் பயன்பெற, பேசியபடியே இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)

 

கடன் தவணை, வங்கி இணைப்பு, அடுத்த மாதப் பயிற்சி எல்லாம் பேசி முடித்துவிட்டோம். கடைசியாக நான் எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டால் சில பேருக்குச் சிரிப்பு வரலாம். வீட்டில் புதிதாக ஒரு செல்லோ, டேப்லெட்டோ, டி.வி.யோ வாங்கினால், அதை வீட்டு வைஃபையில் எப்படிச் சேர்ப்பது? இதுதான் இன்றைய பேச்சு.

"இதெல்லாம் பிள்ளைங்க வேலைங்க, நமக்கு எதுக்கு?" என்று அங்கே ஒரு அக்கா சொல்வது காதில் விழுகிறது. அந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்லணும்.

களத்துக்குப் போகும்போது நான் பல வீட்டில் பார்க்கிறது இது. குழுக் கணக்கைச் செல்லில் ஏற்றணும். 'லோக்ஓஎஸ்' செயலியில் சேமிப்பு, உள்கடன், தவணை எல்லாம் பதியணும். "வீட்ல வைஃபை இருக்கா அக்கா?" என்று கேட்டால், "இருக்கே!" என்று பெருமையாகச் சொல்வார்கள். "பாஸ்வேர்டு தெரியுமா?" "அது பையனுக்குத்தான் தெரியும்." "பையன் எங்கே?" "நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்குறான், எழுப்பினா கோவிச்சுப்பான்." அவ்வளவுதான். பன்னிரண்டு பேர் கணக்கு அந்தப் பையன் எழுந்திருக்கிற வரைக்கும் நிற்கிறது. மாதாமாதம் அந்த வைஃபைக்குப் பணம் கட்டுகிறது யார்? பல வீட்டில் அந்த அம்மாதான்!

நம்ம மகளிர் குழுக்களின் வரலாற்றை நினைத்துப் பாருங்க. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் தொடங்கின. அப்போது முதல் பாடம் என்ன? கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்வது. பிறகு வங்கிச் சலான் எழுதக் கற்றோம். பிறகு ஏ.டி.எம். அட்டை. "உனக்கெதுக்கு, நான் போட்டுத் தர்றேன்" என்று ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது சொன்னார்கள். நாம் கேட்கவில்லை, கற்றுக்கொண்டோம். இப்போது வந்திருப்பது வைஃபை. இதுவும் அதே வரிசையில் அடுத்த பாடம்தான்.

பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோவது என்று எடுத்துச் செய்கிறார்கள். கேபிள் டி.வி.காரரும் இணைப்புக் கொடுக்கிறார். ஆகவே இன்றைக்கு வைஃபை இல்லாத வீட்டு அக்காமார்களும் கொஞ்சம் காது கொடுங்க. நாளைக்கு உங்களுக்கும் தேவைப்படும்.

வைஃபை என்றால் என்ன?

வெளியிலிருந்து ஒரு மெல்லிய கேபிள் வீட்டுக்குள் வருகிறது. அது ஒரு பெட்டியில் போய்ச் சேர்கிறது. அதை ரௌட்டர் என்பார்கள், மோடம் என்பார்கள், நாம் வைஃபை பெட்டி என்றே சொல்லுவோம். கேபிளில் வருகிற இணையத்தை அந்தப் பெட்டி ரேடியோ அலையாக மாற்றி வீட்டுக்குள் பரப்புகிறது. செல் அந்த அலையைப் பிடித்துக்கொள்கிறது. திரும்ப அனுப்புவதும் அதே அலையில்தான்.

நம் வீட்டில் இப்படி ரேடியோ அலை பரப்ப அரசாங்க லைசென்சு வேண்டாமா என்று கேட்கலாம். முன்பெல்லாம் இதற்குக் கட்டுப்பாடு இருந்தது. 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்கிற அலைவரிசையைக் குறைந்த சக்தியில் யார் வேண்டுமானாலும் லைசென்சு இல்லாமல் பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு விட்டுக்கொடுத்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இன்னும் அதிக இடத்தை 2018-ல் விட்டது. அதனால்தான் இன்று கடையில் பெட்டி வாங்கி வீட்டில் வைக்க முடிகிறது.

இந்த இரண்டு எண்ணையும் ஞாபகம் வையுங்க. உங்க பெட்டியின் பெயர் செல்லில் இரண்டு தடவை தெரியலாம். ஒன்று வெறும் பெயர், இன்னொன்று கடைசியில் '5ஜி' என்று சேர்ந்திருக்கும். இது செல் கம்பெனிக்காரர்கள் விளம்பரம் செய்கிற 5ஜி இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்த அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டி அதிக தூரம் போகாது. 2.4 கொஞ்சம் மெதுவானது, ஆனால் தூரம் போகும். பழைய செல்லும், விலை குறைந்த கேமராவும், சில டி.வி.யும் 2.4-ஐ மட்டும்தான் பிடிக்கும். "எங்க வீட்டு வைஃபை பேரே இதுல வரமாட்டேங்குது" என்று பதறுவதற்கு முன்னால் இதைச் சரிபாருங்க.

சேர்ப்பது எப்படி?

ஐந்தே படிதான். கையில் செல் வைத்திருப்பவர்கள் கூடவே செய்து பாருங்க.

ஒன்று: பெட்டி இருக்கிற அறையிலேயே நில்லுங்க. முதல் தடவை சேர்க்கும்போது பக்கத்தில் இருப்பது நல்லது.

இரண்டு: செல்லில் பல்சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கும். அதுதான் அமைப்புகள், அதாவது செட்டிங்ஸ். அதற்குள் விசிறியை விரித்து வைத்த மாதிரிப் படம் போட்டு வைஃபை என்று இருக்கும். தொட்டு ஆன் செய்யுங்க. ஆங்கிலம் படிக்கச் சிரமம் என்றால், அதே அமைப்புகளில் மொழி என்ற இடத்தில் தமிழை மாற்றிக்கொள்ளலாம். செல்லே தமிழில் பேசும்.

மூன்று: இப்போது பெயர்ப் பட்டியல் ஒன்று வரும். அக்கம்பக்கத்து வீட்டுப் பெட்டிகளும் அதில் தெரியும். வரிசை வீடுகளில் பத்துப் பதினைந்து பெயர்கூட வரும். உங்க பெட்டியின் பெயர் எது? பெட்டியைத் திருப்பிப் பாருங்க. அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் பெயரும் பாஸ்வேர்டும் அச்சடித்திருக்கும். யாராவது மாற்றியிருந்தால் அவரிடம் கேட்டு வாங்குங்க. பெயருக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம் இருக்கணும். பூட்டு இல்லாத பெயர் என்றால் கதவு இல்லாத வீடு மாதிரி. அதைப்பற்றி அப்புறம் சொல்கிறேன்.

நான்கு: பெயரைத் தொட்டால் பாஸ்வேர்டு கேட்கும். அடித்து 'இணை' என்பதை அழுத்துங்க.

ஐந்து: பெயருக்குக் கீழே 'இணைக்கப்பட்டது' என்று வந்துவிட்டதா? இப்போது செல்லின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்க. திறந்தால் வைஃபை வேலை செய்கிறது. டேட்டாவை அணைக்காமல் பார்த்தால், சிம் காசில் ஓடுகிறதா, வைஃபையில் ஓடுகிறதா என்று தெரியாது.

ஒரு தடவை சேர்த்துவிட்டால் போதும். செல் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை வீட்டுக்குள் நுழைந்ததும் தானே சேர்ந்துகொள்ளும்.

எங்கே மாட்டிக்கொள்கிறோம்?

படி ஐந்துதான் என்றாலும், நான்காவது படியில்தான் பெரும்பாலும் நிற்கிறோம். "பாஸ்வேர்டு தப்பு" என்று வரும். ஏன்?

முதல் காரணம், ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் பெட்டிக்கு வேறு வேறு.  இரண்டாவது, பூஜ்யமும் 'ஓ' எழுத்தும் பார்க்க ஒன்று போல இருக்கும். ஒன்று என்ற எண்ணும் சின்ன 'எல்' எழுத்தும் அப்படியே. மூன்றாவது, கடைசியில் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்துவிடும். நான்காவது நம் ஊருக்கே உரியது. செல்லில் தமிழ் விசைப்பலகை இருந்தால் ஆங்கிலத்துக்கு மாற்றாமல் அடித்துக்கொண்டே இருப்போம். பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் கண் மாதிரி ஒரு படம் இருக்கும். அதைத் தொட்டால் அடித்த எழுத்தெல்லாம் தெரியும். பார்த்துப் பார்த்து அடிக்கலாம்.

பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் 'ஐ.பி. முகவரி பெறுகிறது' என்று சுற்றிக்கொண்டே இருக்கிறதா? வங்கியில் டோக்கன் கொடுப்பது போல, சேருகிற ஒவ்வொரு கருவிக்கும் பெட்டி ஒரு எண் கொடுக்கும். அந்த எண் கிடைத்தால்தான் செல் பேச முடியும். பெட்டி மிரண்டு போய் டோக்கன் கொடுக்க மறந்தால், பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் விட்டு மறுபடி போடுங்க. விளக்கெல்லாம் நிதானமாக எரிய இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதுவரை பொறுங்க. பெட்டியின் பின்னால் ஊசி நுழைகிற சின்ன ஓட்டை இருக்கும். அதை மட்டும் யாரும் குத்திவிட வேண்டாம். அது எல்லா அமைப்பையும் அழித்துவிடும். அப்புறம் இணைப்புக்காரர் வந்துதான் சரிசெய்யணும்.

'இணைக்கப்பட்டது, ஆனால் இணையம் இல்லை' என்று வருகிறதா? அப்படியானால் உங்க செல்லுக்கும் பெட்டிக்கும் சண்டையில்லை. பெட்டிக்கு வெளியேதான் கோளாறு. இழைக் கேபிள் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ, சிமிட்டினாலோ வெளியே கேபிளில் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். எங்காவது அறுந்திருக்கும், அல்லது மடங்கியிருக்கும். இணைப்புக்காரரைக் கூப்பிட்டு, "எல்.ஓ.எஸ். சிவப்பா எரியுது" என்று சொல்லுங்க. விஷயம் தெரிந்தவங்க பேசுகிறார்கள் என்று அவருக்கும் புரியும். விளக்கு சரியாக இருந்தால், இந்த மாதப் பணம் கட்டியாச்சா என்று பாருங்க. செல்லில் தேதியும் நேரமும் தப்பாக இருந்தாலும் பல பக்கங்கள் திறக்காது. அதையும் ஒரு பார்வை பாருங்க.

சமையல்கட்டில் மட்டும் வராது என்பார்கள். நம்ம ஊர் நரசிம்மர் குடைவரைக்குள் இருக்கிறார். அவரைச் சுற்றி வரணும் என்றால் மலையையே சுற்றித்தான் வரணும், பாறைக்குள் வழி கிடையாது. வைஃபை அலைக்கும் அப்படித்தான். மரக்கதவைத் தாண்டும். கெட்டியான கான்கிரீட் சுவர், இரும்பு பீரோ, தண்ணீர்த் தொட்டி வந்தால் திணறும். பெட்டியை டி.வி. அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், வீட்டின் நடுவில், கொஞ்சம் உயரத்தில் வையுங்க. காசு செலவில்லாத வைத்தியம் இது. இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுங்க.

டி.வி.க்கும் கேமராவுக்கும் இதே ஐந்து படிதான். டி.வி.யில் ரிமோட்டை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்கணும், பொறுமை வேண்டும். வீட்டில் கண்காணிப்புக் கேமரா வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேமராவுக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு உண்டு. கம்பெனி போட்டுக் கொடுத்ததையே விட்டுவிட்டால், தெரிந்த எவனும் எங்கிருந்தோ உங்க வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியும். வாங்கிய அன்றே மாற்றுங்க. படுக்கும் அறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே திருப்பாதீங்க.

இணைப்பு யார் பேரில்? பொறுப்பு யாருக்கு?

இப்போது பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். இன்றைய பேச்சில் முக்கியமானது இதுதான்.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. அது எங்கிருந்து போனது என்று போலீசார் தேடினார்கள். நவி மும்பையில் ஒரு வீட்டு இணைப்பில் போய் நின்றது. அங்கே குடியிருந்தவர் ஒரு அமெரிக்கர். போலீசார் அவரை விசாரித்தார்கள். கடைசியில் பார்த்தால், அவருடைய வைஃபை சரியான பாதுகாப்பில்லாமல் இருந்திருக்கிறது. வேறு யாரோ அதில் நுழைந்து அந்த மின்னஞ்சலை அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த இரண்டு மாதத்தில் மும்பையில் ஒரு கல்லூரியின் வைஃபையும், ஒரு நிறுவனத்தின் வைஃபையும் இதே போலத் தவறாகப் பயன்படுத்தப்பட்டன. அதன் பிறகு 2009 பிப்ரவரியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகள் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் கொடுத்தது.

இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு உங்க வீட்டு வைஃபையில் யார் இருந்தாலும் ஒரே வீடாகத்தான் தெரியும். பத்து செல் சேர்ந்திருந்தாலும், இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அந்த வீட்டு வாசலுக்குத்தான் முதலில் விசாரணை வரும். குற்றம் நம்முடையது இல்லை என்று பிறகு தெரியலாம். அதுவரை படுகிற அவமானமும் அலைச்சலும் நம்முடையதுதான்.

இது நமக்கு எங்கோ இருக்கிற மும்பைக் கதை இல்லை. சிங்கப்பெருமாள் கோயில், மறைமலை நகர், பரனூர் சுற்றுவட்டாரத்தில் நம் உறுப்பினர்கள் எத்தனை பேர் போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள்? கம்பெனி வேலைக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். "அக்கா, வைஃபை குடுங்க, மாசம் நூறு ரூபா தர்றோம்" என்று கேட்பார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அவர்கள் காலி செய்து போகும்போது வீட்டுச் சாவியைத் திருப்பி வாங்குகிறோம். வைஃபை பாஸ்வேர்டைத் திருப்பி வாங்குகிறோமா? அது அவர்கள் செல்லிலேயே போய்விடுகிறது. அவர்களின் சினேகிதர்களுக்கும் போகிறது.

அதற்காக யாருக்கும் கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. கொடுக்கிறவர்கள் சில காரியங்களைச் செய்து வைத்துக்கொண்டு கொடுங்க.

பெட்டி வந்த அன்றே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்க. இணைப்புக் கொடுக்க வருபவரே சில இடங்களில் தெரு முழுக்க ஒரே மாதிரி பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போகிறார். உங்க கண் முன்னாலேயே, நீங்க சொல்கிற பாஸ்வேர்டைப் போடச் சொல்லுங்க. அது குறைந்தது எட்டு எழுத்து இருக்கணும். பன்னிரண்டுக்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. செல் நம்பர், பிள்ளை பேரோடு 123, வண்டி நம்பர் எல்லாம் வேண்டாம். தெருவே கண்டுபிடித்துவிடும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று சொல்லை எடுத்துக்கொள்ளுங்க. முருங்கை, ரயில், குடம் என்பது மாதிரி. அதை ஆங்கில எழுத்தில் எழுதி நடுவில் எண் சேருங்க. உங்களுக்கு மறக்காது, அடுத்தவருக்குத் தோணாது. இதையே போட்டுவிடாதீங்க, செய்திமடலில் அச்சாகப் போகிறது!

பெட்டிக்குள் பாதுகாப்பு முறை என்று ஒன்று உண்டு. 'டபிள்யூ.பி.ஏ.2' அல்லது 'டபிள்யூ.பி.ஏ.3' என்று இருக்கணும். 'டபிள்யூ.ஈ.பி.' என்று இருந்தால் அது பழைய பூட்டு. 2001-லேயே அதை உடைக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மாற்றச் சொல்லுங்க. பெட்டியின் அமைப்புக்குள் நுழைய இன்னொரு பாஸ்வேர்டு இருக்கும். அது வைஃபை பாஸ்வேர்டு இல்லை, பெட்டிக்கே உரிய சாவி. அதையும் மாற்றச் சொல்லுங்க.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் தனியாக 'கெஸ்ட்' வைஃபை என்று ஒன்று வைக்க முடியும். பல பெட்டிகளில் இந்த வசதி இருக்கிறது. வாசல் திண்ணையில் உட்கார வைப்பது மாதிரி. இணையம் கிடைக்கும், வீட்டுக்குள்ளிருக்கும் மற்ற கருவிகள் பக்கம் வர முடியாது. பொறுப்பு அப்போதும் உங்க பேரில்தான். அதனால் ஆள் மாறும்போதெல்லாம் அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்க.

புதுச் செல்களில் பாஸ்வேர்டு சொல்லாமலேயே கட்டம் கட்டமான க்யூ.ஆர். படத்தைக் காட்டிச் சேர்க்கலாம். சௌகரியம்தான். ஆனால் அந்தப் படத்துக்குள் பாஸ்வேர்டு முழுசாக இருக்கிறது. அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது, சாவியைத் தெருவில் தொங்கவிடுவதற்குச் சமம்.

செல் தொலைந்தால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்க. பழைய செல்லை விற்கும்போது உள்ளே இருப்பதை முழுதாக அழித்துவிட்டுக் கொடுங்க.

பணம், ஓ.டி.பி., வெளியூர் வைஃபை

"வைஃபை போட்டா ஓ.டி.பி. வராதாமே?" என்று போன கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டாங்க. வங்கி அனுப்புகிற ஓ.டி.பி. குறுஞ்செய்தி சிம் வழியாக வருவது. வைஃபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிம்முக்கு டவர் கிடைக்கணும், அதுதான் கணக்கு. கான்கிரீட் வீட்டுக்குள் டவர் கிடைக்காதவர்கள் செல்லில் 'வைஃபை காலிங்' என்பதை ஆன் செய்யலாம். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் பெரிய கம்பெனிகள் இந்த வசதியைக் கொண்டுவந்தன. பேசுவது வைஃபை வழியாகப் போகும்.

வெளியிடத்து வைஃபையில் பணம் அனுப்பலாமா? ரயில் நிலையங்களில் ரெயில்டெல் நடத்துகிற 'ரெயில்வயர்' போன்ற இலவச வைஃபை இருக்கிறது. செல் நம்பர் கொடுத்து, ஓ.டி.பி. போட்டு உள்ளே போகலாம். பாட்டுக் கேட்க, செய்தி படிக்கப் பயன்படுத்துங்க. வங்கிச் செயலிகள் தாங்களே பூட்டுப் போட்டுத்தான் தகவலை அனுப்புகின்றன என்பது உண்மை. ஆனால் அதே பெயரில் போலி வைஃபை வைத்து, போலிப் பக்கத்தைக் காட்டி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். குழுப் பணத்தை அனுப்புவதை வீட்டு வைஃபையிலோ, சொந்த சிம் டேட்டாவிலோ மட்டும் வைத்துக்கொள்வோம். நம் பணம் மட்டுமா அது? பன்னிரண்டு பேர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம்.

"உங்க வைஃபை இன்னைக்கு ராத்திரி கட் ஆயிடும், இந்த செயலியைப் போடுங்க, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்க. நீங்களே உங்க பில்லில் இருக்கும் எண்ணுக்குப் பேசிக் கேளுங்க. ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீங்க. உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால்?

கடைசியாக, நம்ம கடற்கரையிலேயே நடந்த ஒரு விஷயம்.

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் புதுச்சேரி. அங்கே 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் நடு மையம். அங்கிருந்து கம்பியில்லாத ரேடியோ இணைப்பில் சுற்றுவட்டாரக் கிராமங்களின் கணினிகளுக்குத் தகவல் போனது. செல் வைத்திருப்பதே அபூர்வமான காலம் அது. எம்பலம் கிராமத்தில் கோயிலைச் சேர்ந்த அறையில் மையம் வைத்தார்கள். எந்தச் சாதியாரும் உள்ளே வரலாம். நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்கள்தான் அங்கே கணினியை இயக்கினார்கள். வீராம்பட்டினத்தில் நாளைக்குக் கடலில் அலை எவ்வளவு உயரம் என்று இணையத்தில் பார்த்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

நல்லவாடு என்ற மீனவக் கிராமத்திலும் இப்படி ஒரு மையம் இருந்தது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். சேதி கேட்டவர்கள் மையத்துக்கு ஓடினார்கள். மையம் பூட்டியிருந்தது. கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் ஊரை எச்சரித்தார்கள். ஊர் கடலை விட்டு ஓடியது. வீடும் படகும் போயின. உயிர் பிழைத்தது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்று. மரக்கதவை உடைக்கலாம். பாஸ்வேர்டை அவசரத்துக்கு உடைக்க முடியாது. ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் பேசணும், மகள் கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள், குழுக் கடன் விண்ணப்பம் நாளைக்குள் ஏறணும் என்று வரும். அப்போது சாவி தூங்குகிற ஒருவரிடம் மட்டும் இருந்தால் என்ன செய்வது?

வெளியாட்களுக்குச் சாவி சுலபமாகக் கிடைக்கக் கூடாது. வீட்டுக்குள் இருக்கிற பெண்ணிடம் சாவி இல்லாமலும் இருக்கக் கூடாது. இன்றைக்கு நான் சொன்னது முழுவதும் இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

அடுத்த கூட்டத்துக்குள் செய்ய வேண்டியவை:

1. வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டுத் தெரிந்து, உங்க கையாலேயே ஒரு தாளில் எழுதுங்க. ரேஷன் அட்டை வைக்கிற இடத்தில் வையுங்க. குழுத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டாம்.

2. ஏதாவது ஒரு செல்லை 'மறந்துவிடு' என்று கொடுத்து வைஃபையிலிருந்து எடுத்துவிட்டு, யார் உதவியும் இல்லாமல் மறுபடி சேர்த்துப் பாருங்க.

3. பெட்டி வந்த நாளிலிருந்து பாஸ்வேர்டு மாற்றாதவர்கள் மாற்றுங்க. வாடகைக்கு விட்டிருப்பவர்கள் கெஸ்ட் வசதி பற்றி இணைப்புக்காரரிடம் கேளுங்க.

4. குழு அலுவலகத்தில் வைஃபை இருந்தால், பாஸ்வேர்டு குறைந்தது இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்கணும். யார் யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் தீர்மானமாகப் பதியுங்க. பொறுப்பாளர் மாறினால் அன்றே பாஸ்வேர்டும் மாறணும்.

5. சேர்க்கத் தெரிந்தவர்கள், தெரியாத ஒரு உறுப்பினருக்குச் சொல்லிக் கொடுங்க. அவங்க செல்லை வாங்கி நீங்க செய்யாதீங்க. செல் அவங்க கையிலேயே இருக்கட்டும், வாயால் மட்டும் சொல்லுங்க.

அடுத்த மாதம் ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் எழுந்து, "நானே சேர்த்தேன்" என்று சொல்லணும். பையன் தூங்கட்டும் பாவம், நைட் ஷிப்ட் முடித்து வந்தவன். நம் வேலையை நாம் பார்ப்போம்.